சூரியனை மறைத்துப் பார்த்த சி.வி.ராமன்: லேசர் செயற்கைக்கோளுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

2021 மார்ச்சில் இஸ்ரோ ஒரு அறிவிப்பு வெளியிட்டது. அகமதாபாத்தில் இருக்கும் விண்வெளிப் பயன்பாட்டு மைய வளாகத்தில், ஒரு கட்டடத்திலிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு கட்டடத்துக்கு, ஒயர் எதுவும் இல்லாமல் ஒளித்துகள்களை மட்டும் வைத்து ரகசியத் தகவலை அனுப்பிக் காட்டியிருந்தார்கள். குவாண்டம் தகவல்தொடர்பில் நம் நாட்டுக்கு அது முக்கியமான சோதனை. அந்த அறிவிப்பில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு விஷயம் உண்டு. சோதனையை இரவில்தான் நடத்தினார்கள். பகலில் செய்தால் சூரிய ஒளி குறுக்கே புகுந்து காரியத்தைக் கெடுத்துவிடும்.

300 மீட்டருக்கே இந்தப் பாடு. 2023 டிசம்பரில் நாசாவின் சைக்கி விண்கலம் 3.1 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து லேசர் வழியாக ஒரு பூனை வீடியோவை அனுப்பியதே, ஞாபகம் இருக்கா? அமெரிக்காவின் பாலமர் மலையில் உள்ள 5.1 மீட்டர் தொலைநோக்கி அதைப் பிடித்தது. வேகம் நொடிக்கு 267 மெகாபிட். அவ்வளவு தூரம் வந்து சேரும்போது அந்த லேசரில் மிஞ்சுவது எண்ணிப் பார்க்கக்கூடிய அளவு ஒளித்துகள்கள்தான். பக்கத்திலேயே சூரியன் என்கிற ராட்சத விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அந்த வெளிச்சத்தில் ஒரு துளி கருவிக்குள் கசிந்தாலும் சிக்னல் மூழ்கிப்போகும். இப்படி வேண்டாத இடத்தில் வந்து விழும் வெளிச்சத்தைப் பொறியாளர்கள் 'தப்பு ஒளி' என்ற கணக்கில் வைக்கிறார்கள்.

ஏற்காடு போனவங்க இந்தத் தப்பு ஒளியைக் கண்ணால் பார்த்தே இருப்பீங்க. நாகலூர் பக்கம், காபித் தோட்டங்களைத் தாண்டிப் பார்வை திறக்கிற ஏதாவது ஒரு இடத்தில் நல்ல வெயில் நேரத்தில் நின்று பாருங்க. பக்கத்துச் சரிவு பச்சையா இருக்கும். அடுத்த மலை கொஞ்சம் மங்கல். அதுக்கும் பின்னால் இருக்கிற மலை வெறும் நீலம். அங்கேயும் மரம் பச்சையாகத்தான் நிற்கிறது. ஆனால் நடுவில் இருக்கும் பல கிலோமீட்டர் காற்று சூரிய ஒளியைச் சிதறடித்து, அதில் கொஞ்சத்தை நம் கண்ணுக்குள்ளும் அனுப்பிவிடுகிறது. மலையிலிருந்து வரும் வெளிச்சத்தின் மேல் இந்த வெளிச்சம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பகலில் நட்சத்திரம் தெரியாததற்கும் இதே காரணம்தான்.

இந்தச் சிதறல் வெளிச்சத்தோடு வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த ஒரு தமிழர் உண்டு. சர் சி.வி.ராமன். நோபல் பரிசு, தேசிய அறிவியல் தினம் என்று பாடப்புத்தகத்தில் அவரைப் படித்திருக்கிறோம். ஆனால் அவர் நோபல் வாங்கிய சோதனையின் உயிர்நாடி என்ன என்று கேட்டால் பலருக்கும் தெரியாது: சூரிய ஒளியை உள்ளே விட வேண்டும், ஆனால் அதில் ஒரு பொட்டு கூட கண்ணுக்கு வந்து சேரக் கூடாது.

லேசர் தொடர்பை ராமன் கண்டுபிடிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் நம்ம ஊர்க்காரர் தலையில் கட்டுகிற பழக்கம் இருப்பதால் சொல்ல வேண்டியிருக்கு. அவர் மல்லுக்கட்டியதும் இன்றைய பொறியாளர்கள் மல்லுக்கட்டுவதும் ஒரே எதிரியோடு. அவ்வளவுதான்.

திருவானைக்காவலிலிருந்து பவ்பஜாருக்கு

1888 நவம்பர் 7-ல் திருச்சி திருவானைக்காவலில் பிறந்தார் ராமன். அப்பா சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர். அவருக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்ததால் பையனின் பள்ளிப்படிப்பு அங்கே. 11 வயதில் மெட்ரிகுலேஷன். அடுத்து சென்னை மாநிலக் கல்லூரி. எம்.ஏ. முடிக்கும் முன்பே, 1906-ல், 18 வயதில், லண்டனின் 'ஃபிலசாஃபிகல் மேகஸின்' இதழில் முதல் ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. செவ்வக வடிவத் துளை வழியாக ஒளி சாய்வாகப் போகும்போது விளிம்பில் எப்படி வளைந்து பட்டை பட்டையாக விழுகிறது என்பதுதான் அதன் பொருள்.

படிக்கும்போது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் விண்வெளித் தொலைநோக்கி செய்பவர்களைக் கேளுங்க. குழாயின் உள்சுவரில் கறுப்பு வளையங்களை அடுக்கடுக்காக வைத்து, பக்கவாட்டிலிருந்து வரும் வெயிலைத் தடுப்பார்கள். அந்த வளையத்தின் விளிம்பைக் கத்தி முனை மாதிரி கூர்மையாக்குவார்கள். விளிம்பு மழுங்கலாக இருந்தால் அதுவே வெயிலைத் தெறித்து உள்ளே அனுப்பிவிடும். எவ்வளவு கூராக்கினாலும் ஒளி கொஞ்சம் வளைந்து வரத்தான் செய்யும். ஒரு விளிம்பு ஒளியை எப்படி வளைக்கிறது என்பது இன்றைக்கும் அவர்களுடைய அன்றாடக் கணக்கு.

இவ்வளவு திறமை இருந்தும் அந்தக் காலத்தில் இந்தியாவில் விஞ்ஞானி வேலை என்று ஒன்று கிட்டத்தட்ட கிடையாது. 1907-ல் நிதித்துறைத் தேர்வு எழுதி, உதவிக் கணக்காயராகக் கல்கத்தா போனார். அதே வருஷம் லோகசுந்தரியுடன் திருமணம். கல்கத்தாவில் பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய இடம். கருவிகள் இருந்தன, ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை. ஆபீஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் அங்கேயே கிடந்தார். இன்றைய மொழியில் சொன்னால் சைட் புராஜெக்ட். 10 வருஷம் அப்படித்தான் ஓடியது. 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி வந்தபோது, சம்பளம் குறையும் என்று தெரிந்தும் அரசு வேலையை விட்டார்.

கப்பலில் ஒரு கண்ணாடித் துண்டு

1921-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போய்விட்டு, எஸ்.எஸ்.நர்குண்டா கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடல் கரும்நீலமாக இருந்தது. கடல் ஏன் நீலம் என்பதற்கு லார்டு ரேலே சொன்ன பதில் அப்போது எல்லோருக்கும் தெரியும்: வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிக்கிறது. வானம் ஏன் நீலம் என்று சரியாக விளக்கியவரே ரேலேதான். அதனால் யாரும் அவரிடம் மறுகேள்வி கேட்கவில்லை.

ராமனிடம் பையில் ஒரு நிக்கல் பட்டகம் இருந்தது. கால்சைட் கல்லில் செய்த சிறிய முப்பட்டகம். பைக் ஓட்டும்போது கண்கூசாமல் இருக்க போலரைஸ்டு கண்ணாடி போடுகிறீர்களே, அதன் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரே தளத்தில்தான் அதிரும். பட்டகத்தை அதற்கேற்ற மாதிரி திருப்பினால் அந்தப் பிரதிபலிப்பு முழுக்க அணைந்துவிடும். ராமன் திருப்பினார். வானத்தின் பிரதிபலிப்பு போய்விட்டது. ரேலே சொன்னது சரி என்றால் கடலின் நீலமும் போயிருக்க வேண்டும். போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. காற்று மாதிரியே தண்ணீரின் மூலக்கூறுகளும் சூரிய ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். அது அந்த வருஷமே 'நேச்சர்' இதழில் கட்டுரையானது.

அவர் செய்த வேலையைக் கவனிங்க. தேவையில்லாத சூரிய ஒளியை முதலில் அணைத்தார், அப்புறம் மிச்சம் என்ன இருக்கு என்று பார்த்தார். இன்றைய லேசர் வாங்கிகளிலும் இதே உத்தி உண்டு. அனுப்பும் லேசர் எந்தத் தளத்தில் அதிரும் என்று முன்கூட்டியே தெரியும். சூரியனிலிருந்து நேராக வரும் ஒளி எல்லாத் தளங்களிலும் கலந்து அதிரும். நடுவில் ஒரு போலரைசர் வைத்தால் லேசர் தப்பித்து உள்ளே வரும், வெயிலில் சுமார் பாதி வெளியிலேயே நின்றுவிடும். பாதி என்பது போதாது. மிச்சத்துக்கு வேறு வழி வேண்டும். அந்த வழியைத்தான் ராமன் அடுத்த ஏழு வருஷத்தில் பிடித்தார்.

கசிவா, புதுசா?

கல்கத்தா திரும்பியதும் ஆய்வகமே சிதறல் ஒளிப் பட்டறையாக மாறியது. கண்ணாடி உருண்டையில் சுத்தமான திரவத்தை நிரப்பி, இருட்டு அறைக்குள் சூரியக் கற்றையைக் கொண்டுவந்து அதன் வழியாகச் செலுத்துவார்கள். சூரியன் நகர நகரத் தானும் திரும்பி, கற்றையை ஒரே திசையில் அனுப்பும் ஹீலியோஸ்டாட் கண்ணாடிதான் அவர்களுடைய மெயின் சுவிட்ச். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் திரவத்துக்குள் ஒளியின் பாதை மங்கலாகத் தெரியும்.

1923-ல் அவருடைய மாணவர் கே.ஆர்.ராமநாதன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ஊதா ஒளியை மட்டும் உள்ளே அனுப்பியபோது, சிதறி வந்ததில் துளியூண்டு பச்சையும் இருந்தது. அனுப்பாத நிறம் எங்கிருந்து வந்தது? திரவத்தில் அழுக்கு இருந்தால் அது ஊதாவை விழுங்கிப் பச்சையை உமிழும். ஃப்ளோரசன்ஸ் என்று அதற்குப் பெயர். அதுவாக இருக்கும் என்று எண்ணித் திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். பச்சை போகவில்லை. ஆனாலும் பலவீனமான ஃப்ளோரசன்ஸ் என்றே கட்டுரையில் எழுதப்பட்டது. கே.எஸ்.கிருஷ்ணனும் பின்னால் வேறு பல திரவங்களில் இதைப் பார்த்தார். இப்படியே ஐந்து வருஷம் கையில் இருந்த வைரத்தைக் கூழாங்கல் என்று ஓரமாக வைத்திருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எவ்வளவு மங்கலான ஒளி என்று யோசிங்க. உள்ளே போகும் வெளிச்சத்தில் 10 லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நிற வடிகட்டியில் ஒரு சின்னக் கசிவு இருந்தால் போதும், சாதாரண வெயிலையே புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்து ஏமாந்துவிடுவோம். எத்தனையோ ஆய்வுகள் அப்படி ஏமாந்து போயிருக்கின்றன.

1928 ஜனவரியில் வெங்கடேசுவரன் என்ற ஆய்வாளர், சுத்தமான கிளிசரினில் சிதறிய ஒளி நீலமாக இல்லாமல் பச்சையாக இருப்பதைப் பார்த்தார். அந்த ஒளி வலுவாக முனைவாக்கமும் அடைந்திருந்தது, அதாவது அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்ந்தன. இது ஃப்ளோரசன்ஸின் குணம் இல்லை. ராமனுக்குப் பொறி தட்டியது. முந்தைய வருஷம்தான் எக்ஸ் கதிர் சிதறும்போது அதன் அலைநீளம் மாறுவதைக் காட்டியதற்காகக் காம்ப்டனுக்கு நோபல் கிடைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அதே மாதிரி ஏன் நடக்கக் கூடாது? கிருஷ்ணனை மறுபடி சோதனை மேசைக்கு இழுத்து வந்தார்.

அடுத்து அவர்கள் செய்தது, என் பார்வையில், இந்திய அறிவியல் வரலாற்றிலேயே மிக அழகான தந்திரம். 18 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி லென்ஸால் சூரிய ஒளியைக் குவித்தார்கள். அதுக்கப்புறம் 5 செ.மீ. குவியத் தொலைவுள்ள இன்னொரு லென்ஸ். இதைவிடப் பிரகாசமான விளக்கு அன்றைக்கு அவர்களிடம் இல்லை. கையில் இரண்டு வடிகட்டிகள். ஒன்று நீல ஊதாவை மட்டும் விடும், இன்னொன்று மஞ்சள் பச்சையை மட்டும் விடும். முதலில் இரண்டையும் சேர்த்து, வெயில் உள்ளே போகும் வழியில் வைத்தார்கள். ஒன்று விடுவதை மற்றது தடுக்கும் என்பதால் எதுவும் உள்ளே போகாது. திரவத்தில் பாதை முழுக்க இருட்டு. ஆக, வடிகட்டிகளில் கசிவு இல்லை என்பது உறுதி. இப்போது மஞ்சள் வடிகட்டியை மட்டும் எடுத்து, திரவத்துக்கும் தங்கள் கண்ணுக்கும் நடுவில் வைத்தார்கள். அதே இரண்டு வடிகட்டிகள்தான், இடம்தான் மாறியிருக்கிறது. சாதாரண சிதறல் மட்டுமே நடந்திருந்தால் இப்போதும் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பாதை மறுபடி ஒளிர்ந்தது. திரவத்துக்குள் போன நீலத்தில் ஒரு துளி, வெளியே வரும்போது வேறு நிறமாகியிருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் கிடையாது.

சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் இருந்தது. பிப்ரவரி 28-ம் தேதி கையடக்க நிறமாலைமானி வழியாகப் பார்த்தபோது, போன நிறத்துக்கும் புதிய நிறத்துக்கும் நடுவே ஒரு இருண்ட இடைவெளி தெளிவாகத் தெரிந்தது. மறுநாளே பத்திரிகைகளுக்குச் செய்தி போனது. மார்ச் 31-ல் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் 'நேச்சரில்' கட்டுரை வந்தது.

அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மாஸ்கோவில் லேண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் என்ற இருவர் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவை பிப்ரவரி 21-லேயே, அதாவது ஒரு வாரம் முன்பே, பார்த்துவிட்டார்கள். அவர்கள் பொறுமையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கட்டுரை அச்சாகும்போது ஜூலை ஆகிவிட்டது. ஸ்டார்ட்அப் உலகத்தில் இருப்பவங்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பரிச்சயமா இருக்கும். ரஷ்யாவில் இன்றைக்கும் இதை ராமன் விளைவு என்று சொல்வதில் பலருக்கு விருப்பம் இல்லை.

கிருஷ்ணனுக்குக் கிடைக்காதது

1930-க்கான இயற்பியல் நோபல் ராமனுக்கு மட்டும் வந்தது. அறிவியலில் நோபல் வாங்கிய முதல் ஆசியர். பரிசு அறிவிக்கும் முன்பே, ஜூலையிலேயே, ஸ்டாக்ஹோமுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துவைத்தவர் அவர். அந்தத் தன்னம்பிக்கையை ரசிக்கலாம். ஆனால் கிருஷ்ணனை நினைத்தால் மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. இப்போதைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்து, மதுரையிலும் சென்னையிலும் படித்துவிட்டு, ராமனைத் தேடிக் கல்கத்தா போனவர். அந்த பிப்ரவரி மாதச் சோதனைகளில் நாள்கணக்காக மங்கலான ஒளியை உற்றுப் பார்த்த கண்களில் அவருடையதும் உண்டு. அவர் இதைப் பற்றிப் பெரிதாக வாய் திறக்கவில்லை. 1947-ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

1923-ல் முதலில் பச்சையைப் பார்த்த ராமநாதனும் சோடை போகவில்லை. விக்ரம் சாராபாய் அகமதாபாத்தில் தொடங்கிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு முதல் இயக்குநர் அவர்தான். 300 மீட்டர் சோதனையின் அடுத்த கட்டத்தை 2022 ஜனவரியில் இஸ்ரோ மையத்தோடு சேர்ந்து செய்துகாட்டியது அதே ஆய்வுக்கூடம்.

நோபலுக்குப் பிறகான ராமனின் வாழ்க்கையில் சண்டைகள் அதிகம். 1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். நிர்வாகத்தில் மோதல் முற்றி 1937-ல் அந்தப் பதவியை விட்டு விலகி, பேராசிரியராகத் தொடர்ந்தார். படிகங்களின் அதிர்வு பற்றி மாக்ஸ் பார்னுடன் பல வருஷம் விவாதம் செய்தார். அதில் பார்ன் சொன்னதே சரி என்று ஆனது. 1934-ல் இந்திய அறிவியல் அகாடமி, 1948-ல் ராமன் ஆய்வுக் கழகம், 1954-ல் பாரத ரத்னா. கடைசிக் காலத்தில் பூக்களின் நிறம், கண் எப்படிப் பார்க்கிறது என்ற கேள்விகளில் மூழ்கிக் கிடந்தார். 1970 நவம்பர் 21-ல் பெங்களூருவில் காலமானார்.

இன்று அந்த வடிகட்டி எங்கே இருக்கு?

ராமனின் நீல வடிகட்டி பல நூறு வண்ணச் சாயல்களை விட்டது. லேசர் வாங்கிகளில் இப்போது வைப்பது, ஒரு நானோமீட்டர் அல்லது அதற்கும் குறைவான அகலத்தில் மட்டும் கதவு திறக்கும் வடிகட்டி. லேசர் ஒரே நிறத்தில் வருவதால் அந்த இடுக்கு அதற்குப் போதும். சூரியனோ தன் ஒளியை எல்லா நிறங்களிலும் பரப்பி வைத்திருக்கிறது. அதனால் அதில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும்.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிப் பிரச்சினை தீர்கிறது. சைக்கி விண்கலம் அனுப்பிய லேசரின் அலைநீளம் 1,550 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அலைநீளம் இரட்டிப்பானால் காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது 16-ல் ஒரு பங்காகக் குறையும் என்பது ரேலே விதி. அந்தக் கணக்குப்படி, நீல ஒளியைவிட 100 மடங்குக்கும் குறைவாகவே 1,550 சிதறும். நாகலூரில் நின்று பார்க்கும் அந்த நீலத்திரை, அகச்சிவப்புக் கண்ணுக்குப் பெருமளவு விலகிவிடும்.

விண்வெளியில் காற்று இல்லையே, அங்கே என்ன கவலை என்று தோன்றலாம். அங்கே வெயில் நேராகவே அடிக்கும். கண்ணாடி மேல் படிந்த ஒரு தூசி போதும், அது குட்டிச் சூரியனாக மின்னும். அதனால்தான் இந்தக் கருவிகளைத் தூசி இல்லாத அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஆதித்யா எல்-1 விண்கலத்துக்குச் செய்த கொரோனா நோக்கியும் இதே சவாலைச் சந்தித்தது. சூரியனின் வட்டை மறைத்து, அதைவிடப் பல லட்சம் மடங்கு மங்கலான வெளிவட்டத்தைப் பார்ப்பது அதன் வேலை. லேசர் தொடர்பில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பூமியிலிருந்து பார்க்கும்போது விண்கலம் சூரியனுக்கு ரொம்ப அருகில் வந்துவிட்டால், தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினாலே உள்ளே இருக்கும் உணர்விகள் வெந்துபோகும் ஆபத்து உண்டு. அந்த நாட்களில் இணைப்பை நிறுத்திவைப்பதைத் தவிர வழி இல்லை.

லேசர் பிறந்தது 1960-ல், ராமன் உயிரோடு இருக்கும்போதே. அவருடைய விளைவுக்கு மறுவாழ்வு கொடுத்ததும் அதுதான். மருந்தின் தரம் பார்க்க, ரத்தினக் கல் அசலா என்று பார்க்க, இன்றைக்கு எங்கும் இருக்கும் ராமன் நிறமாலைக் கருவிகளில் சூரியனின் இடத்தில் லேசர் உட்கார்ந்திருக்கிறது. அங்கே தடுக்க வேண்டிய வேண்டாத ஒளியும் அந்த லேசரேதான். சூரியனைத் தவிர்க்கவே முடியாத இடங்களுக்கும் இந்தக் கருவி போயிருக்கிறது. 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ரோவரின் கம்பத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. பட்டப்பகலில், எதிரே இருக்கும் பாறை மேல் பச்சை லேசரைத் துடிப்பு துடிப்பாக அடிக்கும். துடிப்பு பட்டுத் திரும்பும் அந்த நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு நேரம் மட்டும் கேமரா கண்ணைத் திறந்து மூடும். அந்த நேரத்துக்குள் செவ்வாயின் வெயில் உள்ளே நுழைவது மிகக் குறைவு, பாறையின் ராமன் ஒளி மட்டும் வந்து சேர்ந்துவிடும்.